நீரொலிவாங்கியின் வடத்தில் ஏறும் இரைச்சலுக்கு ஒரு சொல் தேவை

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அன்புடையீர்,

கடலுக்கடியில் ஒலி கேட்கும் கருவிகளைக் கையாள்வோருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஒப்படைத்தாக வேண்டும். அதன் நான்காம் இயல் முழுவதும், நீரொலிவாங்கியிலிருந்து பதிவுக்கருவி வரை செல்லும் வடத்தில் வேண்டாத மின்னழுத்தம் ஏறுவதைக் குறைப்பது பற்றியது. நீரொலிவாங்கி என்பது 'ஹைட்ரோஃபோன்', நீருக்குள் ஒலியைக் கேட்கும் கருவி. இதுவரை எல்லா இடங்களிலும் 'இரைச்சல்' என்றே எழுதிவந்தேன். நேற்றிரவு திரும்பப் படித்தபோது என் வாக்கியம் ஒன்று என்னையே கேலி செய்தது: 'இரைச்சல் குறைந்த நீர்ப்பகுதியில் இரைச்சல் கூடுதலாகத் தெரியும்.' முதல் இரைச்சல் அலையும் மழையும் கப்பலும், சொடுக்கு ஒலி எழுப்பும் இறால்களும் நீரில் உண்டாக்குவது. இரண்டாவது வடத்தில் பிறப்பது. மூலத்தைப் பாராதவருக்கு இது விடுகதையாகத்தான் தோன்றும். இரண்டாவதற்குத் தனிச்சொல் ஒன்றை நீங்கள் பரிந்துரைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

'மின்னிரைச்சல்' என்று எழுதுங்கள். வகுப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். எந்த மாணவரும் பொருள் கேட்டதில்லை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கருவிப் பொறியாளர் எழுதியது:

விவாதிக்க இருக்கிறது, ஐயா. நீரொலிவாங்கியின் உள்ளே இருப்பது அழுத்தத்தை மின்னூட்டமாக மாற்றும் ஒரு செராமிக் துண்டு. அதைக் கடந்துவிட்டால் மழையின் இரைச்சலும் மின்னழுத்தம்தான், வடத்தில் ஏறிய இரைச்சலும் மின்னழுத்தம்தான். அலைகாட்டியின் திரையில் இரண்டும் ஒரே கோட்டில் கலந்தே வரும். ஆகவே 'மின்' என்ற அடை இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. வேறுபாடு வடிவத்தில் இல்லை, பிறந்த இடத்தில் இருக்கிறது.

எந்த அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறிய நீரொலிவாங்கி ஒன்று, ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 100 மைக்ரோவோல்ட் தரும். அமைதியான கடலின் ஒலியோ ஒரு பாஸ்கலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கும். இத்தனை மெல்லிய குறிகையை, அதாவது 'சிக்னலை', நீண்ட வடத்தில் அனுப்பும்போது வடமே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. செராமிக்கின் மின்தேக்குதிறன் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு) 3 நானோஃபேரட் என்றும், வடம் மீட்டருக்கு 100 பிக்கோஃபேரட் என்றும் கொண்டால், 100 மீட்டர் வடத்தின் மறுமுனையில் கிடைப்பது கால் பங்குக்கும் குறைவு. குறிகை இப்படி மெலியும்போது வழியில் ஏறும் இரைச்சல் மெலிவதில்லை. மெல்லிய குறிகையை முதலில் பெருக்கும் முன்பெருக்கியைப் படகில் வைக்காமல் செராமிக்கை ஒட்டி நீருக்குள்ளேயே வைப்பதற்குக் காரணம் இதுதான்.

வழியில் ஏறுவதும் ஒரே வகையானது அன்று. மின்மாற்றிகளிலிருந்தும் இன்வெர்ட்டர்களிலிருந்தும் வந்து தூண்டப்படுவது ஒன்று. வடம் வளையும்போது மின்காப்பும் அதன்மேல் உள்ள உலோகப் பின்னலும் ஒன்றோடொன்று உராய்ந்து மின்னூட்டம் உண்டாவது இன்னொன்று. வடத்தைக் கையில் எடுத்து ஓர் உதறு உதறினால் போதும், திரையில் கோடு துள்ளும். இந்த இரண்டாவதைத் தடுக்கவே நல்ல வடங்களில் மின்காப்புக்கும் பின்னலுக்கும் இடையில் கிராஃபைட் போன்ற கடத்தும் பூச்சு ஒன்றைக் கொடுத்து, சேரும் மின்னூட்டத்தை அங்கேயே சமன்செய்துவிடுகிறார்கள். உங்கள் சொல் இவ்விரண்டையும் தாங்க வேண்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

பொறியாளர் அம்மையார் பிறந்த இடம் என்று சொன்னதும் எனக்குத் தொல்காப்பியத்தில் அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் உரியியல் நினைவுக்கு வந்தது. 'கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள' என்கிறார் தொல்காப்பியர். ஓசைக்கு நான்கு சொற்களை எடுத்துக் கையில் கொடுத்திருக்கும்போது நாம் ஒற்றை இரைச்சலை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம். இரைச்சல் என்னும் சொல்லின் வேரான 'இரை' கடலுக்கே உரியதுபோல் வழங்குவது. கடல் இரைகிறது என்றுதான் சொல்கிறோம். அதைக் கடலிடமிருந்து பறித்துக் கம்பிக்குக் கொடுத்ததே குழப்பத்தின் முதல்.

நான்கில் எது பொருந்தும் என்று பார்ப்போம். கம்பலை கூட்டத்தின் ஆரவாரம், ஆகாது. சும்மை என்றால் படிப்பவர் சுமையை எண்ணுவார், அல்லது சும்மா இருக்கச் சொல்கிறோம் என்று எண்ணுவார். கலி என்றவுடன் யுகமும் யாப்பும் வந்து நிற்கும். எஞ்சியது அழுங்கல். அதைத் தொல்காப்பியர் அப்படியே விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். 'அவற்றுள், அழுங்கல் இரக்கமும் கேடும் ஆகும்' என்று அடுத்தே கூறுகிறார். ஓசை என்ற பொருளும் கேடு என்ற பொருளும் ஒரே சொல்லில்! குறிகைக்குக் கேடு விளைக்கும் ஓசையைத்தானே நாம் தேடுகிறோம்? ஊரார் அலர் தூற்றும் ஊரைச் சங்கப் பாடல்கள் 'அழுங்கல் ஊர்' என்பதையும் எண்ணிப் பாருங்கள். தலைவி சொல்லாததைச் சொன்னதாக ஏற்றிப் பரப்புவது அலர். கடல் சொல்லாததைச் சொன்னதாக ஏற்றி அனுப்புவது இந்த வடம். ஆகவே 'மின்னழுங்கல்' என்பதே என் பரிந்துரை.

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

ஐயாவின் விளக்கத்தை இருமுறை படித்தேன், இன்பமாக இருந்தது. ஆனால் இந்த விளக்கத்தை ஒவ்வொரு படிக்கும் பின்னால் இணைத்து அனுப்ப முடியாது. படகில் ஈரக் கையோடு கையேட்டைப் புரட்டுபவர் 'மின்னழுங்கல்' என்று கண்டால் கம்பி அழுகிவிட்டது என்றே கொள்வார். தட்டச்சில் ஓர் எழுத்து விடுபட்டாலே அது 'மின்னழுகல்' ஆகிவிடும். கடல்நீர் புகுந்த வடத்துக்கு அதுவும் பொருந்துவதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்குக்கூடத் தப்பிவிடும்.

தமிழாசிரியர் எழுதியது:

தட்டுப்பிழைக்கு அஞ்சிச் சொல்லைக் கைவிடுவது எனக்கு உடன்பாடில்லை. 'மின்தேக்குதிறன்' என்ற சொல்லை மாணவர் பிறவியிலேயே அறிந்து வருகிறாரா? கற்றுக்கொள்கிறார். அழுங்கலையும் கற்றுக்கொள்வார். எளிமை என்பது பழக்கத்துக்கு நாம் இட்ட இன்னொரு பெயர்.

இணையும் மூன்றாமவர் எழுதியது:

பிறந்த இடம்தான் வேறுபாடு என்றால், இடத்தையே பெயராக்கி 'வட இரைச்சல்' என்று ஏன் சொல்லக்கூடாது?

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

முயன்று பார்த்தேன். 'வட இரைச்சலைக் குறைக்கும் முறைகள்' என்பதைப் படித்த என் தங்கை, தென் இரைச்சலைக் குறைக்க வேண்டாமா என்று கேட்டாள்.

தமிழாசிரியர் எழுதியது:

புணர்ச்சி அறியாமல் பிரித்து எழுதினால் அப்படித்தான் திசை மாறும். மரம், அடி என்பவை மரத்தடி ஆவதுபோல், வடம், இரைச்சல் என்பவை அத்துச் சாரியை பெற்று 'வடத்திரைச்சல்' ஆகும். வடத்தில் பிறந்த இரைச்சல் என்ற வேற்றுமைப் பொருளும் தெளிவாக நிற்கும். அழுங்கலை நான் கைவிடவில்லை. இலக்கணப் பிழையைத் திருத்தினேன், அவ்வளவே.

கருவிப் பொறியாளர் எழுதியது:

வடத்திரைச்சல் அழகான சொல். அதனாலேயே அதற்கு மறுப்புச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. நீரோட்டம் ஒரு வடத்தைக் குறுக்கே கடக்கும்போது வடத்தின் பின்புறம் சுழிகள் இருபுறமும் மாறிமாறிக் கழன்று, வடம் யாழின் நரம்புபோல் அதிரத் தொடங்கும். அந்த அதிர்வு நீரொலிவாங்கியை எட்டி, தாழ்ந்த முழக்கமாகப் பதிவாகும். அது வடம் எழுப்பும் உண்மையான ஒலி. மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை அடக்க வடத்தின்மேல் மயிர்போல் இழைகளைக் கட்டி விடுவார்கள். 'வடத்திரைச்சல்' என்றால் எவரும் முதலில் இதைத்தான் எண்ணுவார்கள்.

எல்லையை எங்கே வரைவது என்பதற்குச் செயல்முறை ஒன்று இருக்கிறது. செராமிக்கைக் கழற்றிவிட்டு, அதே மின்தேக்குதிறன் கொண்ட ஒரு மின்தேக்கியை உலோகப் பெட்டிக்குள் வைத்து அதன் இடத்தில் இணையுங்கள். மின்தேக்கிக்குக் காது கிடையாது. கடலும் மறைந்துவிடும், வடத்தின் அதிர்வு முழக்கமும் மறைந்துவிடும். அதன் பிறகும் பதிவில் எஞ்சி நிற்பது எதுவோ, அதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். என்ன பெயர் வைத்தாலும் இந்த வரையறையை முதல் பக்கத்தில் சேர்த்துவிட வேண்டுகிறேன்.

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டேன், மிக்க நன்றி. இதற்கிடையில் இன்னொரு சிக்கல். கம்பியைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலான 'ஷீல்டு' என்பதற்குக் 'காப்பு' என்று எழுதியிருந்தேன். 'மின்காப்பு' என்பது ஏற்கெனவே பிளாஸ்டிக் உறையைக் குறிப்பதால், கடத்துவதற்கும் கடத்தாததற்கும் ஒரே பெயர் வந்துவிட்டது. 'கவசம்' என்று மாற்றலாமா?

தமிழாசிரியர் எழுதியது:

கவசம் வடசொல். 'மெய்ம்மறை' இருக்கிறது, பதிற்றுப்பத்தில் சேரனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்று பாடியிருக்கிறார்கள்.

ஈழத்து உறுப்பினர் எழுதியது:

மன்னிக்கவும், எங்களிடம் நேரான சொல்லே இருக்கிறது. 'கிடுகு' என்றால் கேடயம். பின்னிய தென்னோலையையும் நாங்கள் கிடுகு என்றுதான் சொல்கிறோம். பின்னலாகவும் இருந்து கேடயமாகவும் பயன்படும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? 'கிடுகு நிரைத்து எஃகு ஊன்றி' என்று பட்டினப்பாலையில் வரும் இடத்தில் பேசப்படுவதும் மீனவர் குடியிருப்புத்தான். கடலும் கூடவே வந்துவிட்டது.

கருவிப் பொறியாளர் எழுதியது:

கிடுகு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஓலைப் பின்னலில் இடைவெளி இருப்பதுபோல் உலோகப் பின்னலிலும் இடைவெளி உண்டு; பின்னல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுதான் தடுப்பு. ஆனால் இடைவெளியே இல்லாத அலுமினியத் தாள் உறையும் இருக்கிறது. அதைக் கிடுகு என்று எப்படிச் சொல்வது? பொதுப்பெயர் கவசமாகவும், பின்னல் வகை மட்டும் கிடுகாகவும் இருக்கலாம்.

கவசம் என்ற சொல்லில் வேறொரு தீங்கும் இருக்கிறது. கவசம் என்றால் முழுவதும் மூடிக்கொள்வதே நல்லது என்று தோன்றும். இரு முனைகளிலும் அதை இறுகக் கட்டிவிடுவார்கள். ஒருமுறை நான் வேலை செய்த படகில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இரண்டு நாள் எங்களை வாட்டியது. வடத்தை மாற்றினோம், பெருக்கியை மாற்றினோம். 100, 150 என்று மடங்கு மடங்காகக் கோடுகள் நிறமாலையில் அப்படியே நின்றன. கடைசியில் பார்த்தால், பின்னலின் ஒரு முனை நீரொலிவாங்கியின் உலோக உடல்வழியாகக் கடல்நீரைத் தொட்டுக்கொண்டிருந்தது; மறுமுனை படகின் மின்வழங்கியின் எர்த்தில் இருந்தது. இரண்டு எர்த்துகளுக்கும் இடையே இருந்த சிறு வேறுபாடு பின்னலின் வழியே மின்னோட்டமாக ஓடியது. பதிவுக்கருவியை மின்கலத்தில் ஓட்டினோம்; ரீங்காரம் அந்த நொடியே போய்விட்டது. கடலே எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துவது உண்மைதான். ஆனால் 50 ஹெர்ட்ஸ் அலை அதில் ஏறத்தாழ 35 மீட்டர் சென்ற பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே மிஞ்சி நிற்கும்.

இணையும் மூன்றாமவர் எழுதியது:

எர்த் என்பதற்கு 'நில இணைப்பு' என்று எழுதுவதா? நடுக்கடலில் நிலம் எங்கே இருக்கிறது?

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

எர்த் எர்த்தாகவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அன்புடையீர்,

எல்லோருடைய கருத்தையும் வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முடிவு என்பதைவிட ஒப்படைக்கத்தக்க நிலை என்பது சரியாக இருக்கும். நீரில் பிறப்பது 'கடலிரைச்சல்'. வடம் நீரோட்டத்தில் அதிர்ந்து எழுப்புவது 'அதிர்விரைச்சல்'. மின்தேக்கியை வைத்த பிறகும் எஞ்சி நிற்பது 'மின்னிரைச்சல்'. பொறியாளர் அம்மையார் காட்டிய குறை எனக்கு விளங்குகிறது. 'மின்' என்ற அடை தானாக எதையும் பிரிப்பதில்லை. ஆயினும் மூன்றையும் எதிரெதிரே வைத்து, வரையறையையும் முதல் பக்கத்திலேயே கொடுத்துவிட்டால் ஒன்றை ஒன்று விலக்கிக்கொள்ளும் என்று நம்புகிறேன். கவசம் பொதுப்பெயர், பின்னலுக்கு மட்டும் கிடுகு. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, அடுத்தடுத்த முறுக்குகளில் தூண்டப்படும் மின்னழுத்தங்கள் எதிரெதிராக நின்று அழியும்படி செய்வதற்கு 'முறுக்கிணை' என்று எழுதியிருக்கிறேன்; இதற்கு மறுப்பு வராததைப் பார்த்தால் எல்லோரும் களைத்துவிட்டீர்கள் என்று தெரிகிறது.

என்னை முதலில் கேலி செய்த வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: 'கடலிரைச்சல் குறைந்த நீர்ப்பகுதியில் மின்னிரைச்சல் கூடுதலாகத் தெரியும்.' திருத்திய இயலை இணைத்திருக்கிறேன்.

கருவிப் பொறியாளர் எழுதியது:

வாக்கியம் தெளிவாக இருக்கிறது. முழு மனநிறைவு இல்லை. ஆனால் இதைப் படித்து எவரும் தவறான முனையில் கவசத்தைக் கட்டமாட்டார்கள். எனக்குச் சம்மதம்.

தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். எனினும், உராய்வால் எழும் வகைக்காவது அழுங்கலைக் கொடுத்திருக்கலாம் என்ற என் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கிடுகுக்கு இடம் கிடைத்த கையேட்டில் அழுங்கலுக்கு இல்லாமல் போனது வருத்தமே. இயலைப் படித்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் இரண்டு இடங்களில் 'மின் இரைச்சல்' என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். வெள்ளிக்கிழமைக்குள் சேர்த்து எழுதிவிடுங்கள்.