சேற்றுப்புண்ணுக்கு டீ ட்ரீ ஆயில்: அப்படியே தடவலாமா?

காசிமேட்டுக்காரன்:
மீன் ஏலத்துக்கு நிற்கிறவன் நான். விடிகாலை மூன்று மணியிலிருந்து கால் ஐஸ் தண்ணீரிலேயே கிடக்கும். மழை தொடங்கியதிலிருந்து விரல் இடுக்கில் சேற்றுப்புண். அக்கா மகன் ஒரு டீ ட்ரீ ஆயில் பாட்டில் கொடுத்தான். ஐந்து நாளாக ராத்திரியில் பஞ்சில் தொட்டு அப்படியே வைக்கிறேன். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. இப்போது புண்ணே இல்லாத மேல்பாதம் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம், தாங்க முடியாத அரிப்பு. மருந்து வேலை செய்கிறது, விடாமல் போடு என்கிறான் அவன். வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

எர்ணாவூர் மணி:
நிறுத்தாதீர்கள் அண்ணே. இலையிலிருந்து எடுத்த எண்ணெய்தானே, என்ன செய்துவிடும்? நீலகிரித் தைலம் தடவினாலும் முதலில் எரியும், அப்புறம் சரியாகிவிடும். கிருமி சாகும்போது அரிக்கத்தான் செய்யும்.

வண்ணை மருந்தாளுநர்:
மணி தம்பி, தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். அண்ணே, இன்றைக்கே நிறுத்துங்கள். புண் இருந்தது விரல் இடுக்கில். கொப்புளம் வந்திருப்பது எண்ணெய் வழிந்த இடத்தில். கிருமி சாகிற அரிப்பு அங்கே ஏன் வரப்போகிறது? பார்த்தால் ஒவ்வாமை மாதிரிதான் இருக்கிறது. மேலே மேலே போட்டால் இன்னும் பரவும்.

பெயரில் டீ இருந்தாலும் தேயிலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பக்கம் வளரும் மெலலூக்கா அல்டர்னிஃபோலியா என்ற மரத்தின் இலையை ஆவியில் வடித்து எடுப்பது. நம் கொய்யா, நாவல் எல்லாம் அதன் குடும்பம்தான். சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சையைக் கொல்லும் சரக்கு அதில் உண்மையாகவே இருக்கிறது, டெர்பினென்-4-ஆல் என்று பெயர். ஆனால் பாட்டிலைத் திறந்து நாளானால் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டு எண்ணெய் மாறிவிடும். அப்படி மாறிய எண்ணெய்தான் தோலை அதிகம் புண்படுத்துவது. உங்கள் பாட்டில் எப்போது திறந்தது, எங்கே வைத்திருந்தார்கள்?

ராயபுரம் கவிதா:
சார், ஒரேயடியாகப் பயமுறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் இருப்பவர்களுக்கு டியூபில் வந்தால்தான் மருந்து. 1990ல் ஆஸ்திரேலியாவில் முகப்பரு உள்ள 124 பேரிடம் இந்த எண்ணெயையும் பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. எண்ணெய் மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் தொந்தரவு குறைவு. என் மகனுக்கு அந்த மருந்து க்ரீம் போட்டுக் கன்னம் சுண்ணாம்பு பூசினது போல் உரிந்துபோனது. பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்று அழுதான். இந்த எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து வைத்துத்தான் சரியானது. அதை நான் எப்படி இல்லை என்று சொல்வேன்?

வண்ணை மருந்தாளுநர்:
இல்லை என்று நானும் சொல்லவில்லை அம்மா. நீங்கள் சொன்ன ஆய்வில் இரண்டுமே 5 சதவீதம். நீங்களும் கலந்துதான் வைத்தீர்கள். 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்குப் பத்துச் சொட்டு விட்டால் கிட்டத்தட்ட 5 சதவீதம் வரும். அண்ணன் வைத்தது நூறு சதவீதம்.

சேற்றுப்புண்ணுக்கும் பார்த்திருக்கிறார்கள். 158 பேருக்கு 25 சதவீதம், 50 சதவீதம் என்று கொடுத்து, 2002ல் முடிவு வந்தது. வெறும் கரைசல் போட்டவர்களைவிட எண்ணெய் போட்டவர்களுக்கு நன்றாகவே ஆறியது. ஆனால் எண்ணெய் போட்டவர்களில் நான்கு பேருக்குத் தோல் அழற்சி பலமாக வந்தது. கலந்து போட்டபோதே அப்படி. பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல், டெர்பினஃபின் க்ரீம் சாதாரண விலையில் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு இதை முதலில் எடுக்க எனக்கு மனசு வராது.

ராயபுரம் கவிதா:
க்ரீம் போட்டால் ஆறும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீரில் நடக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் இதை விடப்போவதில்லை. சின்னவளுக்குக் குளிக்கிற வாளியிலும் இரண்டு சொட்டு விடுகிறேன், வேர்க்குருவே வரவில்லை.

வண்ணை மருந்தாளுநர்:
திரும்ப வருவது கால் ஈரமாகவே இருப்பதால். எந்த மருந்துக்கும் அதுதான் கதி.

வாளி விஷயத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள் அம்மா. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரையாது, கண் மாதிரி மேலேயே மிதக்கும். முதல் சொம்பு மொள்ளும்போது அந்தச் சொட்டு அப்படியே குழந்தையின் தோளிலோ கண்ணிலோ விழும். அப்புறம், பாட்டில் எங்கே இருக்கிறது? 10 மில்லிக்கும் குறைவாகக் குடித்த இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் தள்ளாடி, சுயநினைவு குழம்பிக் கிடந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. அப்படி ஏதாவது ஆனால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். பாட்டிலோடு நேராக ஆஸ்பத்திரி.

எர்ணாவூர் மணி:
நான் உண்ணிக்கு எங்கள் நாய் முதுகில் தடவலாம் என்று இருந்தேன்.

வண்ணை மருந்தாளுநர்:
வேண்டவே வேண்டாம் தம்பி. நாய், பூனை இரண்டுக்கும் விஷம். சுத்த எண்ணெய் தோல் வழியாகவே உள்ளே போகும், நக்கினால் இன்னும் மோசம். பின்னங்கால் வலுவிழந்து நடுங்கும்.

காசிமேட்டுக்காரன்:
இப்போதுதான் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன் சார். மூடியைச் சுற்றிப் பிசின் மாதிரி காய்ந்திருக்கிறது. போன வருஷம் மழைக்கு வாங்கினதாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அடுப்பு மேடைக்கு மேலே அலமாரியில் வெயில் காலம் முழுக்க இருந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரையும் உண்டு, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

வண்ணை மருந்தாளுநர்:
அண்ணே, சர்க்கரை என்றால் க்ரீம்கூட நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காலை சோப்பு போட்டு மெதுவாகக் கழுவி, விரல் இடுக்கு வரை ஒற்றித் துடையுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். நாளைக்கு ஏலம் வேண்டாம், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ராயபுரம் கவிதா:
அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள் அண்ணே. என்ன போட்டீர்கள் என்று வாயால் சொல்வதைவிட அவர்களே பார்க்கட்டும். சின்னவள் வாளியை இன்றோடு நிறுத்திவிட்டேன் சார். மகன் பருவுக்கு மட்டும் புதுப் பாட்டில் வாங்கி, கலந்துதான் வைப்பேன்.

காசிமேட்டுக்காரன்:
ஏலத்துக்குத் தம்பியை அனுப்புகிறேன். காலையில் ஏழு மணிக்கே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்கிறேன்.