சூடானதும் ஐடிலில் 2ஆவது சிலிண்டர் மிஸ்ஃபயர்: ஹெட்டைக் கழற்றணுமா?

வணக்கம் நண்பர்களே. 2011 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், பல வருடமாக எல்பிஜியில் ஓடுகிறது. காலையில் சுத்தமாக ஸ்டார்ட் ஆகும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) உதறும்; சைலன்சர் வாயருகே கையை வைத்தால் புகை விட்டு விட்டு அடிப்பது தெரியும். 2000 ஆர்பிஎம் தாண்டினால் சரியாகிவிடும். ஸ்கேனரில் பி0302 (2ஆவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை என்ற எரர் கோடு) மட்டும்.

காயில், ப்ளக், இன்ஜெக்டர் மூன்றையும் 3ஆவது சிலிண்டரோடு இடம் மாற்றியும் கோடு நகரவில்லை. பெட்ரோலில் ஓட்டினாலும் இதேதான், அதனால் கேஸ் கிட் காரணமில்லை. இன்டேக் கேஸ்கெட் ஓரம் கார்ப் க்ளீனர் அடித்தால் ஐடில் மாறவில்லை, அதனால் அங்கே காற்றுக் கசிவு இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) ஆறிய இன்ஜினில் நாலிலும் 170 பிஎஸ்ஐ ஒட்டி. சூட்டில் 2இல் மட்டும் 115.

2ஆவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு சீட் (புகை வெளியேறும் வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். சீட் தேய்ந்தால் வால்வு உள்வாங்கி டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) குறையும், சூட்டில் தண்டு நீண்டு வால்வு முழுசாக மூடாது. இந்த இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. ஆறிய நிலையில் அந்த வால்வில் 0.10 மிமீ ஃபீலர் கேஜே (இடைவெளி அளக்கும் தகடு) நுழையவில்லை, மேனுவலில் 0.25.

ஹெட்டை (வால்வுகள் உள்ள இன்ஜின் மேல்பாகம்) கழற்றாமல் டேப்பெட்டை மட்டும் செட் செய்து ஓட்டலாமா? அல்லது முதலில் சூட்டிலேயே லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது) எடுப்பதா? எல்பிஜி வண்டிக்கு சீட் மாற்றியவர்கள், எந்த மெட்டீரியல் தாங்கியது என்று சொல்லுங்கள்.