மறு: கலைச்சொல் – நடிகர் மாற்றம், கூடுமாற்றம், பொறுப்புமாற்றம்

அனைவருக்கும் வணக்கம்.

> தொடரில் ஒருவர் விலகி இன்னொருவர் வந்தால் 'மறுநடிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 'மறுநடிப்பு' என்றதும் ஒரு காட்சியைத் திரும்ப நடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. அதோடு, அறிவியல் புனைவுத் தொடர்களில் நடப்பவை மூன்று வேறு விஷயங்கள். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், அந்த எழுத்தாளர்கள் நெருக்கடியில் செய்த நல்ல வேலையைப் பற்றித் தமிழில் பேசவே வழி இருக்காது.

முதலாவது எளிது. பாத்திரம் அதே, முகம் வேறு. கதை அதைப் பற்றி வாய் திறக்காது. 'பிளேக்ஸ் 7' தொடரின் முதல் பருவத்தில் டிராவிஸாக ஸ்டீபன் கிரீஃப் நடித்தார், இரண்டாம் பருவத்தில் பிரையன் குரூச்சர். இதற்கு 'நடிகர் மாற்றம்' போதும்.

இரண்டாவதில், முகம் மாறியதையே கதை தன் நிகழ்வாக்கிக்கொள்கிறது. 'டாக்டர் ஹூ'வில் டாக்டர் என்ற நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நலம் குன்றியிருந்தது. 1966 அக்டோபரில் அவர் இடத்துக்குப் பேட்ரிக் டிரௌட்டன் வந்தார். டாக்டர் வேற்றுக் கோளினர், அவருடைய உடல் ஓய்ந்தால் புதியது வரும் என்று வைத்துக்கொண்டார்கள். இன்று எல்லோரும் சொல்லும் 'ரீஜெனரேஷன்' என்ற ஆங்கிலப் பெயர் 1974-இல்தான் தொடருக்குள் வந்தது. 1976-இல், பன்னிரண்டு முறைதான் மாற முடியும் என்று வரம்பு வைத்தார்கள். 2013-இல் கணக்கு முடிந்துபோனதால், டாக்டருக்குப் புதிய சுற்று ஒன்றைக் கதைக்குள்ளேயே கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு நடிகரின் உடல்நிலை ஓர் இனத்தின் உயிரியலாகவே மாறிவிட்டது!

இதற்குப் பரிந்துரையாக வந்த 'மறுபிறப்பு' பொருந்தாது; மறுபிறப்பில் பழைய நினைவு தொடர்வதில்லை. 'புத்துயிர்ப்பு' என்றால் பழைய உடலே தெளிவு பெறுவது. நம்மிடம்தான் 'கூடுவிட்டுக் கூடு பாய்தல்' இருக்கிறதே! உயிரும் நினைவும் தொடர, உடல் மட்டும் வேறாகிறது. அதிலிருந்து 'கூடுமாற்றம்' என்று எடுக்கலாம். ஜோயல் கின்னமன் நடித்த நாயகனை இரண்டாம் பருவத்தில் ஆந்தனி மாக்கி ஏற்ற 'ஆல்டர்ட் கார்பன்' தொடருக்கும் இது அப்படியே பொருந்தும்; அங்கே ஒருவரின் நினைவை வேறு உடலுக்கு மாற்றலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நடிகர் போகிறார், பாத்திரமும் போகிறது. ஆனால் அந்தப் பாத்திரம் கதையில் செய்துவந்த வேலை நின்றுவிடுவதில்லை, வேறொருவர் தோளில் ஏறுகிறது. 'ஸ்டார் டிரெக்'கின் முதல் முன்னோட்டப் படத்தில் (தொடருக்கு ஒப்புதல் பெற எடுத்த 'பைலட்') ஸ்பாக் ஒரு நீலச் செடியின் ரீங்காரத்தைக் கேட்டுப் புன்னகைக்கிறார். உணர்ச்சியைக் காட்டாதவர் அங்கே மேஜல் பாரெட் நடித்த பெண் துணைத் தளபதி. தொலைக்காட்சி நிறுவனம் அந்தப் படத்தை ஏற்கவில்லை. அந்தப் பாத்திரம் நீங்கியது. அவருடைய பதவியும் நிதானமும் ஸ்பாக்கிடம் வந்துசேர்ந்தன. 1966-இல் தொடர் ஒளிபரப்பானபோது நாம் கண்ட ஸ்பாக் அப்படி உருவானவர். இதை 'நடிகர் மாற்றம்' என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் 'பொறுப்புமாற்றம்' என்கிறேன்.

> 'பொறுப்புமாற்றம்' அலுவலக வாடை அடிக்கிறது. 'பங்கு' என்றோ 'பதிலி' என்றோ வைக்கலாம்.

'பங்குமாற்றம்' என்றால் பங்குச்சந்தைதான் நினைவுக்கு வரும். 'பதிலி' என்றால் வேறொருவருக்காகக் கொஞ்ச நாள் நிற்பவர். 'ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் பாதுகாப்பு அதிகாரியாக நடித்த டெனிஸ் கிராஸ்பி 1988-இல் விலகியதும் அந்த இடத்துக்கு வோர்ஃப் என்ற பாத்திரம் வந்தார். அதுவரை விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கென்று நிலையான வேலை இல்லை. அந்த இடத்தில் நின்ற பிறகுதான் அவர் முழுப் பாத்திரமாக வளர்ந்தார். அவரைப் பதிலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'கதைப்பொறுப்பு' என்பதை அடிச்சொல்லாக வைத்தால் அலுவலக வாடையும் குறையும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு: பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கலாம். 'பாபிலோன் 5'இல் விண்வெளி நிலையத் தலைவர் சின்கிளேராக நடித்த மைக்கேல் ஓ'ஹேர் முதல் பருவத்தோடு விலகியதும், நிலையத் தலைமையும் போரை நடத்தும் வேலையும் ஷெரிடன் என்ற புதிய பாத்திரத்திடம் போயின. ஆனால் சின்கிளேரின் நினைவிலிருந்து அழிந்த இருபத்துநான்கு மணிநேரப் புதிரை ஷெரிடனுக்கு மாற்ற முடியாது. அது சின்கிளேர் என்ற மனிதரோடு கட்டப்பட்டிருந்தது. அந்தக் கணக்கைத் தீர்க்க 1996-இல் ஓ'ஹேரே இரண்டு பகுதிகளுக்குத் திரும்ப வந்தார். எந்தப் பொறுப்பு மாறியது, எது மாறவில்லை என்று இங்கே துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

சரி, கூடுமாற்றமும் பொறுப்புமாற்றமும் கலந்ததுபோலத் தோன்றும் இடம் ஒன்று இருக்கிறது. 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் 9'இல் 1998-இல் டெர்ரி ஃபாரல் விலகினார். அவர் நடித்த ஜாட்ஸியா இறந்தாள், அவள் உடலுக்குள் வாழ்ந்த டாக்ஸ் என்ற கூட்டுயிரி, எஸ்ரி என்ற இன்னொருத்தியிடம் சென்றது. டாக்ஸைப் பொறுத்தவரை இது கூடுமாற்றம். ஆனால் ஜாட்ஸியா அறிவியல் அதிகாரி, எஸ்ரி மனநல ஆலோசகர்; எனவே பொறுப்புமாற்றம் நடக்கவில்லை என்றே நான் குறிப்பேன்.

அப்புறம், வினைவடிவம். டாக்டருக்குக் 'கூடு மாறினார்' என்பது இயல்பாக வருகிறது. டாக்ஸுக்கு அறுவைச் சிகிச்சையில் பிறர் செய்வதால் 'கூடு மாற்றப்பட்டது' என்று தனியே வைக்க வேண்டுமா, ஒரே வடிவம் போதுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.