டெட் லெட்டர் கியூ: செத்த மடலா, சேராத மடலா?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

கிளவுட் செயற்கூறு (செய்தி வந்தால் ஓடும் சிறு நிரல்) ஒன்று அறிவிப்புக்கு அசைந்து கொடுக்காவிட்டால் எங்கெங்கே தேட வேண்டும் என்று தமிழில் ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். தூண்டி (செயற்கூற்றை ஓடவைப்பது), தலைப்பு (செய்தி போடும் இடம்), சந்தா (தலைப்பின் செய்தியைச் செயற்கூற்றுக்குக் கொண்டுசேர்க்கும் இணைப்பு), ஒப்புகை (செய்தி கிடைத்தது என்ற பதில்) எல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடிவிட்டன. டெட் லெட்டர் கியூ என்ற இடத்தில் நின்றுவிட்டேன்: கொடுக்கவோ கையாளவோ முடியாமல் போன செய்திகளை எடுத்து வைக்கும் வரிசை அது.

இந்தச் சொல் ஏன் முக்கியம் என்பதற்கு என் கதையே போதும். போன வாரம் ஒரு அறிவிப்புத் தலைப்பில் செய்தி போட்டேன். செய்தி எண் ஒழுங்காகத் திரும்பி வந்தது. செயற்கூற்றின் பதிவேட்டிலோ ஒரு வரிகூட இல்லை. பிழை என்றால் சிவப்பாக ஏதாவது தெரியும். இது கல்லுளிமங்கன் மாதிரி மௌனம். இரண்டு மணி நேரம் நிரலைக் குடைந்தேன். நிரலில் ஒரு குற்றமும் இல்லை. பழைய செயற்கூற்றை அழித்துவிட்டுக் கட்டளைவரியில் புதிதாக உருவாக்கியவன் நான்தான். அதை அழைக்கத் தலைப்புக்கு இருந்த அனுமதி பழையதோடு போய்விட்டது. இணையப் பலகத்தில் தூண்டியைச் சேர்த்தால் அனுமதியும் தானாகச் சேரும். கட்டளைவரியில் நாம்தான் தர வேண்டும். சந்தாவில் டெட் லெட்டர் கியூ ஒன்றை மாட்டி வைத்திருந்தால் அந்தச் செய்திகள் அங்கே கிடந்திருக்கும், நானும் நேராக அனுமதியைப் பார்த்திருப்பேன்.

'இறந்த மடல் வரிசை' என்று சொல்லுக்குச் சொல் மாற்ற மனமில்லை. அவை சாகவில்லை, கோளாறைச் சரிசெய்தபின் மறுபடி அனுப்பலாம். என் பரிந்துரை 'முடங்கல் வரிசை'. முடங்கல் என்றால் பழந்தமிழில் சுருட்டிய ஓலை, கடிதம். முடங்கிக் கிடப்பது என்ற இன்றைய பொருளும் கூடவே வருகிறது. என்ன சொல்கிறீர்கள்?

மடல் 2

தம்பி, முடங்கல் அருமையான சொல். இந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

தமிழ் இடைமுகங்களில் டிஸேபிள் என்பதற்கு 'முடக்கு' என்று போட்டுப் பழகிவிட்டோம். பட்டியலில் 'முடங்கல் வரிசை' என்று பார்ப்பவர், வரிசையையே யாரோ முடக்கி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி 'இயக்கு' பொத்தானைத் தேடுவார். இலக்கியம் தெரிந்த பத்துப் பேர் ரசிப்பார்கள், மற்றவர்கள் திண்டாடுவார்கள். ஆங்கிலச் சொல்லே அஞ்சல் துறையிலிருந்து வந்ததுதான்: முகவரி சரியில்லாமல், கொடுக்கவும் திருப்பவும் முடியாத கடிதம். ஆகவே 'சேரா மடல் வரிசை'. தம்பி சொன்ன சம்பவத்துக்கும் அச்சாகப் பொருந்துகிறது.

மடல் 3

ஐயா மன்னிக்க வேண்டும், 'சேரா' பாதி உண்மைதான். நான் தினமும் இதில் உழல்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

அமேசானின் அறிவிப்புச் சேவையான எஸ்என்எஸ்ஸிலிருந்து, செயற்கூறுகளை ஓட்டும் சேவையான லாம்டாவுக்குப் போகும் செய்தி இரண்டு இடங்களில் தவறலாம். ஒன்று, வாசலில். அனுமதி இல்லாததும், செயற்கூறே அழிக்கப்பட்டிருப்பதும் இந்த வகை. எஸ்என்எஸ் இதில் மறுமுயற்சியே செய்யாது. சந்தாவில் டெட் லெட்டர் கியூ இருந்தால் அங்கே தள்ளும், இல்லையென்றால் செய்தியைக் கைவிட்டுவிடும். (எதிர்முனைச் சேவை தற்காலிகமாகப் படுத்திருந்தால் கதை வேறு: 23 நாள் வரை 1,00,015 தடவை தட்டிப்பார்க்கும். அந்தப் பொறுமை அனுமதிப் பிழைக்குக் கிடையாது.)

இரண்டாவது, உள்ளே போனபின். செய்தி சேர்ந்துவிட்டது, செயற்கூறு ஓடியது, நடுவில் விழுந்தது. இயல்பான காலவரம்பு 3 நொடிதான், அதைத் தாண்டினாலே விழும். லாம்டா மேலும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கும், பிறகு லாம்டாவோடு இணைத்த டெட் லெட்டர் கியூவுக்குத் தள்ளும். மூன்று முறை உள்ளே போய் வந்த செய்தியைச் 'சேராதது' என்று எப்படிச் சொல்வது? அது சேர்ந்தது, செரிக்கவில்லை.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். நான் பார்த்த குழப்பங்களில் பாதி இதனால் வந்தவை. லாம்டாவில் வரிசையை மாட்டிவிட்டு, அது காலியாக இருக்கிறது, ஆகவே எல்லாம் நலம் என்று இருப்பார்கள். செய்திகளோ வாசலிலேயே திரும்பிக்கொண்டிருக்கும். எனவே சந்தாவில் இருப்பது 'சேரா வரிசை', செயற்கூற்றில் இருப்பது 'செரியா வரிசை' என்று இரண்டு சொல் வைப்போம்.

வழிகாட்டியில் இன்னொன்றும் சேருங்கள். சந்தாவின் வடிகட்டி விதியில் சிக்கிய செய்தி இரண்டிலும் விழாது. அது பிழையே அல்ல, சொன்னபடி ஒதுக்கியது. நோட்டிஃபிகேஷன்ஸ் ஃபில்டர்டு அவுட் என்ற அளவீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

மடல் 4

செரியாமைக்கு வைத்தியரைத் தேடுவார்களே என்று முதலில் சிரித்தேன். ஆனால் 'சேரா, செரியா' காதில் நிற்கிறது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன, பிழைதிருத்துபவர் பாவம்.

கூகுளின் செய்திச் சேவையான பப்/சப்பில் இந்தப் பிரிவு எடுபடுமா? இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டியிருக்குமே.

மடல் 5

எடுபடாது ஐயா. சரியான இடத்தில் பிடித்தீர்கள்.

அங்கே புஷ் சந்தாவில் (செய்தியைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கும் சந்தா) அனுமதி இல்லை என்று 403 வந்தாலும், நிரல் உடைந்து 500 வந்தாலும் இரண்டுமே ஒப்புகை இல்லாத முயற்சிதான். ஒப்புகைக் கெடு இயல்பாக 10 நொடி, 600 வரை நீட்டலாம். அதற்குள் பதில் வராததும் அதே கணக்கில் சேரும். 5 முதல் 100 வரை நாம் வைக்கும் எண்ணிக்கையை எட்டியதும் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும். அந்த இடமும் வரிசை அல்ல, இன்னொரு தலைப்பு. அதற்கு ஒரு சந்தா இல்லாவிட்டால் போனது போனதுதான்.

பொதுச்சொல்லுக்கு 'ஒதுங்கு வரிசை', 'ஒதுங்கு தலைப்பு' எப்படி? மழைக்கு ஒதுங்கியவர் மழை விட்டதும் கிளம்பிப் போவார். இந்தச் செய்திகளும் அப்படித்தான்.

மடல் 6

ஏவுகணை போல நல்ல வினைத்தொகை. ஒதுங்கிய, ஒதுங்கும் எல்லாவற்றுக்கும் நிற்கும். 'ஒதுக்கு வரிசை' என்று யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நினைவக ஒதுக்கீட்டோடு குழம்பும். எனக்குச் சம்மதம்.

மடல் 7

முடங்கலை நான் திரும்பப் பெறுகிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

வழிகாட்டியில் இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"பதிவேட்டில் ஒரு வரியும் இல்லையென்றால் நிரலைத் தொடாதீர்கள். சந்தாவின் ஒதுங்கு வரிசையை முதலில் திறவுங்கள். அங்கே செய்தி இருந்தால் அது சேராதது: அழைக்கும் அனுமதியைப் பாருங்கள். பதிவேட்டில் தொடக்க வரி இருந்து முடிவு சரியில்லையென்றால் அது செரியாதது: காலவரம்பையும் நிரலையும் பாருங்கள். இரண்டு வரிசையும் காலியென்றால் வடிகட்டியைப் பாருங்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால், ஒதுங்கு வரிசையில் எழுதவே தலைப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்."

கடைசி வரி நேற்று ராத்திரி சேர்த்தது. புதிதாக மாட்டிய ஒதுங்கு வரிசையும் காலியாகவே இருந்தது, காரணம் அதேதான்.

இன்னும் ஒன்று பாக்கி: ரீடிரைவ். ஒதுங்கியதைக் கிளப்பிவிடுவது. 'கிளப்பு' என்றே போடலாமா, பொத்தானில் பார்த்தால் கொச்சையாகத் தெரியுமா?