உதவி: பாய் – மே ஹாங் சான் மலைப்பாதையில் வாடகை ஸ்கூட்டர் பிரேக் பிடிக்கவில்லை

வழிப்போக்கன்:
வணக்கம் நண்பர்களே. நானும் மனைவியும் தாய்லாந்தின் சியாங் மாயில் ஹோண்டா கிளிக் 125 ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து மே ஹாங் சான் லூப் (கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும் மலைச் சுற்றுப்பாதை) கிளம்பியிருக்கிறோம். பாய் ஊர் வரை ஒரு தொந்தரவும் இல்லை. இன்று காலை கியூ லோம் காட்சிமுனையில் படம் எடுத்துவிட்டு சோப்பாங் பக்கம் இறங்கினோம். பாதி வழியில் கருகின வாடை. முன் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. எப்படியோ ஓரங்கட்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறோம். மே ஹாங் சானுக்கு இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல். வண்டி கோளாறா, நான் ஓட்டின லட்சணமா?

பஞ்சர்கடை:
இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டுவிட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தீர்களா?

வழிப்போக்கன்:
ஆமாம் அண்ணா. மெதுவாகப் போவோம் என்றுதான்.

பஞ்சர்கடை:
அதுதான் தம்பி. கிளிக்கில் கியர் இல்லை. வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், வண்டி சும்மா உருளும். இரண்டு பேர், பை, எல்லாப் பாரமும் பிரேக் மேல்தான் விழும். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் லிவர் இப்படித்தான் தொளதொளக்கும்.

டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முக்கால் மணி நேரம் ஆறட்டும். அப்புறம் நின்ற இடத்திலேயே லிவரை அழுத்திப் பாருங்கள். வலது ஹேண்டிலில் சின்னக் கண்ணாடி இருக்கும், அதில் ஆயில் அளவும் நிறமும் தெரியும். லிவர் இன்னும் கைப்பிடியைத் தொட்டால் ஓட்டவே கூடாது.

ஊர்சுற்றி:
லிவர் திரும்ப இறுகினாலும் ஏமாறாதீர்கள், ஒருமுறை கொதித்த ஆயில் அடுத்த இறக்கத்திலும் அதையே செய்யும். சோப்பாங்கில் ஏதாவது பட்டறையில் மாற்றிவிடுங்கள். "பிரேக் சியா" என்றால் பிரேக் கெட்டுவிட்டது என்று புரிந்துகொள்வார்கள். கை வைக்கும் முன் வாடகைக் கடைக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், பிறகு பில் சண்டை வரும். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்கவில்லையே?

வழிப்போக்கன்:
இல்லை, 3,000 பாட் முன்பணம்தான். இன்டர்நேஷனல் பெர்மிட்டும் இருக்கிறது.

ஊர்சுற்றி:
அதில் டூவீலர் பிரிவு இருக்கிறதா பாருங்கள். கார் மட்டும் என்றால் விபத்தில் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். அடுத்த தடவை இரண்டு பேராகப் போனால் ஹோண்டா வேவ் கேளுங்கள். கைக் கிளட்ச் கிடையாது, காலால் கியர். இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டால் இன்ஜினே இழுத்துப் பிடிக்கும்.

வழிப்போக்கன்:
அப்டேட். ஆறினதும் லிவர் இறுகியது. மனைவியையும் பைகளையும் சோங்தேவ் வண்டியில் (ஷேர் ஆட்டோ மாதிரி ஓடும் பிக்கப்) ஏற்றிவிட்டு, நான் ஊர்ந்தபடி சோப்பாங் வந்தேன். பட்டறைக்காரர் பழைய ஆயிலை ஒரு தண்ணீர் பாட்டிலில் இறக்கிக் காட்டினார், அசல் காபி டிகாஷன்! பிரேக் பேட் இன்னும் தேயவில்லையாம். கிளிக்கையே இனி எப்படி இறக்குவது அண்ணா?

பஞ்சர்கடை:
வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி, உடனே விட்டுவிடுங்கள். வண்டி சும்மா உருள்வது போலத் தெரிந்தால் ஆக்ஸிலேட்டரை இத்தனூண்டு திருப்புங்கள், கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும். லூப் முழுக்க 1,864 வளைவு என்று போர்டே வைத்திருக்கிறார்கள். இன்று தாம் லோட் குகையைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்குங்கள், மே ஹாங் சான் நாளை காலை.