பிரசவ வலி வந்ததும் எல்லா பொட்டாசியம் சேனலும் நாலு மடங்கு குறையுமா? க்யூபிசிஆர் (ஜீனோட ஆர்என்ஏ அளவைப் பார்க்கிற சோதனை) உதவி வேணும்

தேனிரோடு_ஸ்காலர்:
வணக்கம். மதுரையில பிஎச்டி பண்றேன், கர்ப்பப்பைத் தசையில பொட்டாசியம் சேனல் (செல்லுல பொட்டாசியம் போற வழி) ஜீன்கள். வலி வராம தேதி குறிச்சு செஞ்ச சிசேரியன் ஒரு குரூப், வலி வந்தப்புறம் செஞ்சது இன்னொண்ணு. ரெண்டுலயும் கீழ்ப்பகுதி வெட்டோட மேல் விளிம்புத் துண்டுதான். பொட்டாசியம் வெளிய போனா தசை அடங்கியிருக்கும், அதனால வலி நேரத்துல சேனல் குறையும்னு எதிர்பார்த்தோம். ட்ரெக்-1ங்கிற சேனல் நாலு மடங்கு குறைஞ்சிருக்கு, சந்தோஷம். ஆனா மத்த சேனல்களான பிகே, ஹெர்க், கேஏடிபி எல்லாமே நாலு மடங்கு! கைடு நம்ப மாட்டேங்கிறாங்க. மெல்ட் கர்வ் (வேற எதுவும் சேர்ந்து பெருகலையான்னு பார்க்கிறது) சுத்தமா இருக்கு. கன்ட்ரோல், அதாவது மாறாதுன்னு நம்பி மத்ததை ஒப்பிடுற ஜீன், ஜிஏபிடிஎச்.

பைப்பெட்_பாண்டி:
ஜிஏபிடிஎச் சிடியை (சிக்னல் தெரிய எத்தனை சைக்கிள் ஆச்சுங்கிறதை) மட்டும் குரூப் வாரியா சொல்லுங்க தங்கச்சி.

தேனிரோடு_ஸ்காலர்:
வலி இல்லாததுல 21 கிட்ட, வலி உள்ளதுல 19ண்ணே. ஆர்என்ஏ ஒரே அளவுதான் போட்டேன். சேனல்களோட சிடி பெருசா மாறல.

பைப்பெட்_பாண்டி:
அப்ப சரக்கு குறையல, படிக்கல்லு கனத்துருச்சு. சிடி குறைஞ்சா அளவு கூடியிருக்குன்னு அர்த்தம்; ஒரு சைக்கிளுக்கு ரெட்டிப்பு, ரெண்டு சைக்கிள்னா நாலு மடங்கு, கணக்கு அங்கேயே முடிஞ்சுது. ஜிஏபிடிஎச் குளுக்கோஸை உடைக்கிற என்சைம், ஆக்சிஜன் குறைஞ்சா ஏறக்கூடியது. தசை இறுகுறப்ப ரத்தக்குழாயும் நசுங்குது. வலியைப் பத்தின ஆராய்ச்சியில இதை ஒத்தைக் கன்ட்ரோலா வச்சா வம்புதான். டிபிபி, சைக்1, எஸ்டிஎச்ஏன்னு நாலஞ்சு கன்ட்ரோல் ஜீன் எடுத்து, எது நிலையா இருக்குன்னு பார்க்கிற ஜீநார்ம் ப்ரோகிராம்ல போட்டு, ஆடாததை வச்சுக்கங்க.

லேபர்வார்டு_அக்கா:
நான் மகப்பேறு டாக்டர். எலெக்டிவ் கேஸ் காலையில நடக்கும், துண்டு உடனே ஆர்என்ஏலேட்டருக்கு (ஆர்என்ஏ கெடாம காக்குற மருந்து) போயிரும். வலிக் கேஸ் ராத்திரி எந்நேரமும் வரும், துண்டு ட்ரேல எவ்வளவு நேரம் கிடந்துச்சுன்னு யாரும் எழுத மாட்டாங்க. அதைக் கேட்டு வாங்குங்கம்மா. அரை சென்டிமீட்டருக்கு மேல தடிமனா இருந்தா மருந்து உள்ள இறங்காது. வலியைக் கூட்டுற ஆக்சிடோசின் ட்ரிப் ஓடுச்சான்னும் கேஸ் ஷீட்ல பாருங்க.

பைப்பெட்_பாண்டி:
அக்கா சொன்னது முக்கியம். இன்னொண்ணு: ஹெர்க் ஜீன் மாறலைன்னு வந்தாலும் சோர்ந்துறாதீங்க. 2014ல வந்த ஆய்வுல, வலி நேரத்துல கேசிஎன்இ2ங்கிற துணைப் புரதம் கூடி ஹெர்க்கை அடக்குறதாக் காட்டினாங்க. அதுக்கும் ஒரு ப்ரைமர் (அந்த ஜீனை மட்டும் பிடிக்கிற சின்ன டிஎன்ஏ துண்டு) வாங்குங்க, கூடவே புரத அளவைப் பார்க்கிற வெஸ்டர்ன் பிளாட்டும் போடுங்க. ஆர்என்ஏ அளவை மட்டும் பார்த்து சேனல் வேலை செய்யுதான்னு சொல்ல முடியாது.

தேனிரோடு_ஸ்காலர்:
பழைய சிடிஎன்ஏ (ஆர்என்ஏல இருந்து செஞ்ச டிஎன்ஏ) மிச்சம் இருக்குண்ணே. புது ப்ரைமர் வர நாளாகும். அதுவரைக்கும் கைடுகிட்ட என்ன காட்ட?

பைப்பெட்_பாண்டி:
ஜிஏபிடிஎச் கிராஃபை மட்டும்.