கம்பளத்தில் ஊறிய செல்லப்பிராணிச் சிறுநீர் வாடை: போக்கியவர்களின் அனுபவங்கள்

பூனை வளர்ப்பவர் ஒருவரின் பகிர்வு:

நாங்கள் குடிவந்த வீட்டில் சுவரோடு சுவராக ஒட்டி விரித்திருந்த கம்பளத்தில், முன்பு அங்கே இருந்தவர்கள் வளர்த்த பூனையின் சிறுநீர் வாடை தங்கியிருந்தது. வறண்ட நாட்களில் அது தெரியவே தெரியாது. மழை பிடித்துக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் அறை முழுவதும் கிளம்பும். இதன் காரணத்தை விளங்கிக்கொண்ட பிறகே எங்கள் முயற்சி பலன் தந்தது என்பதால், அதை முதலில் சொல்கிறேன். சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது உண்டாகும் அமோனியா மூக்கைத் துளைத்தாலும், அது நீரில் கரையும், காற்றிலும் கலந்து போய்விடும். நீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமும் அதன் உப்புகளும்தான் இழைகளைப் பற்றிக்கொண்டு நெடுநாள் கிடந்து, காற்றில் ஈரம் ஏறும்போது மறுபடி வாடையைக் கிளப்புகின்றன. பூனையின் சிறுநீரில் ஃபெலினைன் என்னும் அமினோ அமிலமும் உண்டு. அது சிதைந்து கந்தகம் கலந்த சேர்மங்களாக மாறுவதால்தான், குறிப்பாகக் கருத்தடை செய்யப்படாத ஆண் பூனைகளின் வாடை அவ்வளவு கடுமையாக இருக்கிறது. நறுமணத் தெளிப்பான்கள் இவற்றில் எதையும் அகற்றுவதில்லை.

இரவில் விளக்குகளை அணைத்துவிட்டுப் புற ஊதாக் கைவிளக்கைத் தரையை ஒட்டிப் பிடித்துப் பார்த்தபோது, பழைய கறைகள் மங்கிய மஞ்சளாக ஒளிர்ந்தன. சில சலவைப் பொருட்களின் மிச்சமும் அப்படி ஒளிரும் என்பதால், ஒவ்வோர் இடத்தையும் முகர்ந்து உறுதி செய்துகொண்டு சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். ஓரத்தைப் பெயர்த்துக் கம்பளத்தின் அடிப்புறத்தைப் பார்த்தது மிகவும் உதவியது. மேலே உள்ளங்கை அளவு தெரிந்த கறை, அடியிலிருந்த நுரைமெத்தையில் தட்டளவு பரவியிருந்தது. சிறுநீர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆழம் துப்புரவுத் திரவமும் போகவேண்டும். மேலாகத் தெளித்துத் துடைத்தால் அடியில் இருப்பது அப்படியே இருக்கும். எனவே கறையைச் சிதைக்கும் நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தை, வட்டத்திற்கு வெளியேயும் சற்றுப் படும்படி, தாராளமாக ஊற்றினோம். நொதிகள் ஈரத்தில்தான் வேலை செய்யும் என்பதால் மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடி, புட்டியில் குறித்திருந்த நேரம் வரை காயாமல் வைத்திருந்தோம். இடையில் வாடை முன்பைவிட அதிகமாகும். அதைக் கண்டு பாதியில் நிறுத்திவிட வேண்டாம். முழுவதும் உலர்ந்தபின் முகர்ந்து பார்த்து, மிச்சம் இருந்த இடங்களில் மறுபடியும் ஊற்றினோம். ஒரு மூலையில் மட்டும் நுரைமெத்தையையே வெட்டி மாற்ற நேர்ந்தது. அதன் அடியிலிருந்த மரப்பலகையும் ஊறியிருந்ததால், அதற்கு வாடையை அடைக்கும் அரக்கு வகைப் பூச்சு அடித்தோம்.

கம்பளி விரிப்பு வைத்திருப்பவரின் பகிர்வு:

மேலே சொன்ன முறையை அசல் ஆட்டுக்கம்பளியில் அப்படியே செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கம்பளி இழை புரதத்தால் ஆனது. புரதத்தைச் சிதைக்கும் நொதி கறையோடு இழையையும் அரிக்கும். கம்பளிக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் திரவத்தையே நான் வாங்கினேன், அதையும் கண்ணில் படாத ஓரத்தில் சோதித்த பிறகே ஊற்றினேன். எங்கள் நாய்க்கு வயதாகிவிட்டதால், கசிவு அவ்வப்போது நேரும். உடனே உலர்ந்த துணியை மேலே வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, குளிர்ந்த நீரை ஊற்றி, ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடுகிறேன். தேய்க்கக்கூடாது, தேய்த்தால் கறை பரவும், இழையும் பிரியும். நீராவி இயந்திரத்தையும் சூடான நீரையும் நான் தொடுவதில்லை, வெப்பம் கறையை இழையோடு பிடிக்கவைத்துவிடும்.

நைலான் கம்பளம் வைத்திருப்பவரின் பகிர்வு:

3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, சில துளி பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவற்றின் கலவை எங்கள் வெளிர்நிறக் கம்பளத்தில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அது சாயத்தை வெளுக்கக்கூடியது, கம்பளிக்கும் பட்டுக்கும் ஆகாது. கலந்த உடனே பயன்படுத்திவிட வேண்டும். மூடிய புட்டியில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். மிக முக்கியமாக, சிறுநீர்க் கறையின்மேல் குளோரின் பிளீச்சை ஊற்றவே கூடாது. அமோனியாவோடு சேர்ந்து நுரையீரலைத் தாக்கும் குளோரமின் வாயுவை அது உண்டாக்கும். அமோனியா கலந்த துப்புரவுப் பொருளும் வேண்டாம்; அந்த வாடையை நுகரும் பிராணி அதே இடத்திற்கு மீண்டும் வரக்கூடும்.

இன்னொரு பூனை வளர்ப்பவரின் பகிர்வு:

கம்பளத்தை எவ்வளவு சுத்தம் செய்தாலும் எங்கள் பூனை அங்கேயே போய்க்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் பரிசோதித்தபோது சிறுநீர்ப்பை அழற்சி இருப்பது தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பழக்கம் நின்றது. திடீரென்று கழிப்பிடத்தைத் தவிர்க்கும் பூனையையோ, வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்து வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் நாயையோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரக நோயும் நீரிழிவும் இப்படித் தலைகாட்டுவதுண்டு. ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், பாதை அடைபட்டிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கொண்டுசெல்ல வேண்டும்.